பாளையங்கோட்டைப் பாப்பாத்தியம்மாள்

தோட்டத்துச் சபைகளின் கதை: நான்காம் அத்தியாயம்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே, எட்டியாந்தோட்டை தெரணியகலைப் பக்கத்து ரப்பர்க் காடுகளுக்கு நடுவிலும், பலாங்கொடை இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளின் மேலும், அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் சிறிய தமிழ் ஆலயங்களின் பூர்வோத்தரத்தை விசாரிக்கப் புகுகின்றவர்கள் சாதாரணமாக 1854-ஆம் ஆண்டு வரைக்கும் போய் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பதற்கு நியாயம் இல்லாமற் போகவில்லை. கோப்பித் தோட்டத் துரைமார் சிலரும் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சி.எம்.எஸ். சங்கத்தாரும் ஒன்றுகூடி, தோட்டங்களில் உழைத்த தமிழருக்கென்றே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் ஊழியத்தைத் தொடங்கியது அந்த ஆண்டிலேதான். அந்தத் துரைமாரின் முயற்சியைச் சென்ற அத்தியாயத்திலே விவரித்தோம். துரைமார் பணம் கொடுத்தார்கள். சங்கத்தார் மேற்பார்வைக்கு ஒரு மிஷனரியைக் கொடுத்தார்கள். ஆனால் லயம் லயமாக நடந்து, பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் பெரியவர்களுக்கு வேதமும் சொல்லிக்கொடுத்து, சாவு வந்த வீட்டிலே ஜெபம் பண்ணி, கல்யாண வீட்டிலே ஞானப்பாட்டுப் பாடி, சபை என்று ஒன்றை உண்மையிலே உண்டாக்கிய உபதேசியார்களைக் கொடுத்தது திருநெல்வேலி. ஆகவே நம்முடைய கதையின் வேர் கண்டியிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. தாமிரவருணிக் கரையிலே, பாளையங்கோட்டைக் கோட்டைக்குள்ளே, ஒரு கைம்பெண்ணின் வீட்டிலே இருக்கிறது. அந்த அம்மையாரைப் பற்றியே இந்த அத்தியாயம்.

சப்பிரகமுவையிலே ரோமன் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பாப்திஸ்தரும் செய்த ஊழியத்துக்குத் தனித்தனி விருத்தாந்தம் உண்டு. அவற்றை இதனோடு குழப்பலாகாது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது திருநெல்வேலி உபதேசியார்களின் வழியாக வந்த சபைகளின் வம்சாவளியை மட்டுமே.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பாளையங்கோட்டை ஆர்க்காட்டு நவாப்பின் பெயரால் ஆளப்பட்ட நாட்டிலே ஆங்கிலப் படை தங்கியிருந்த ஓர் அரண். ஆற்றுக்கு அப்பால் நெல்லையப்பர் கோயிலும் அதைச் சூழ்ந்த பழைய நகரமும். இப்பால் கோட்டை மதிலும் சிப்பாய்களும். 1706-இல் தரங்கம்பாடியிலே சீகன்பால்க் ஐயர் வந்திறங்கித் தொடங்கின புரொட்டஸ்டண்டு மிஷன் தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் பரவியிருந்ததே தவிர, தெற்கே அதற்கு வேர் பிடிக்கவில்லை. திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்னும் ஒருவர் பாளையங்கோட்டையிலே குடியிருந்துகொண்டு அண்டை அயலாருக்கு வேதத்தை வாசித்துக் காட்டி வந்தார் என்று, திருச்சியிலிருந்த சுவார்ட்ஸ் ஐயர் 1771-ஆம் ஆண்டுக் குறிப்பிலே எழுதியிருக்கிறார். குருவானவரும் இல்லாமல், கோயிலும் இல்லாமல், சம்பளமும் இல்லாமல் ஒரு சாதாரண மனிதர் வீட்டுத் திண்ணையிலிருந்து வாசித்த வேதமே திருநெல்வேலி புரொட்டஸ்டண்டுச் சபையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதற் செய்தி.

அந்நாட்களிலேதான் தஞ்சாவூரிலிருந்து ஒரு மராட்டியப் பிராமணப் பெண் அவ்வூருக்கு வந்து சேர்ந்தாள். இளமையிலே கைம்மை எய்தியவள். கணவனோடு உடன்கட்டையேற இருந்த அவளை லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி சிதையருகிலிருந்து மீட்டார் என்று ஒரு கதை பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கதையை நாம் உறுதிப்படுத்தவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சொல்லுகிறவர்களுக்கு அதிலே ஒரு நாடகச் சுவை இருப்பதனால் நாளுக்கு நாள் அது வளர்ந்திருக்கக்கூடும் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அவள் அந்த அதிகாரியோடு வாழ்ந்தாள் என்பதும், அவர் பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்தபோது உடன் வந்தாள் என்பதும், கிறிஸ்து மார்க்கத்தின் முக்கியமான உபதேசங்களை அவளுக்கு முதன்முதல் கற்பித்தவர் அவரே என்பதும் சந்தேகமில்லாத விஷயங்கள். அவர் அவளை விவாகம் செய்துகொள்வதாக வாக்களித்திருந்தார், செய்துகொள்ளவில்லை.

அவள் தஞ்சாவூரிலிருந்த காலத்திலேயே சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டாள். அவளுடைய வாழ்க்கை முறை அதற்கு விரோதமானது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். சுவார்ட்ஸ் ஐயரின் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. 1726-இலே பிறந்து, 1750-இலே தரங்கம்பாடிக்கு வந்து, 1798-இலே தஞ்சையிலே மரிக்கும் வரைக்கும் ஒருதரமும் ஐரோப்பாவுக்குத் திரும்பாமல் இந்நாட்டிலேயே இருந்தவர். ஹைதர் அலியிடம் தூது போனவர். சரபோஜி மன்னரைப் பிள்ளைப் பருவத்திலே பாதுகாத்தவர். 1760-இலே டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த நம்முடைய இலங்கைக்கும் வந்து சுற்றிப் பார்த்துப் போனவர். சபையின் ஒழுங்கைக் காக்க வேண்டிய குருவானவர் என்ற முறையிலே அவர் செய்தது சரியே. ஆனாலும் அந்த ஒழுங்கின் பாரம் முழுவதும் யார் தலைமேல் விழுந்தது என்பதை இன்றைக்கு வாசிக்கும்போது கவனிக்காமலிருக்க முடியவில்லை. வாக்குக் கொடுத்துத் தவறின ஆண்மகனுக்கு அவருடைய உத்தியோகமும் மரியாதையும் குறையாமல் இருந்தன. தன் ஜாதியாரிடத்திலும் திரும்பிப் போக முடியாமல், புதிய சபையிலும் உள்ளே வர முடியாமல், வாசலுக்கு வெளியே நின்றவள் அந்தப் பெண்.

அந்த அதிகாரி இறந்துபோனார். அவருடைய சொத்து அவளுக்கு வந்தது. அப்போது அவள் செய்திருக்கக்கூடிய காரியங்கள் பல. தஞ்சாவூருக்குத் திரும்பி ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு ஒருவரும் அறியாமல் வாழ்ந்திருக்கலாம். காசி யாத்திரை போயிருக்கலாம். உறவினர் காலிலே விழுந்து பிராயச்சித்தம் பண்ணிக்கொண்டிருக்கலாம். அவள் பாளையங்கோட்டையிலேயே தங்கினாள். 1778-ஆம் ஆண்டின் முற்பகுதியிலே சுவார்ட்ஸ் ஐயர் அவ்வூருக்கு முதன்முதல் வந்தபோது, முன்னே மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை மறுபடியும் வைத்தாள். இம்முறை தடை இல்லை. ஞானஸ்நானத்தில் அவளுக்கு இடப்பட்ட பெயர் குளோரிந்தா. ஊரார் அந்தப் பெயரைச் சொன்னார்களா என்பதே சந்தேகம். அவர்களுக்கு அவர் ‘பாப்பாத்தியம்மாள்’தான். நாமும் இனிமேல் அவரை அம்மையார் என்றே சொல்லுவோம்.

1780-இலே பாளையங்கோட்டைச் சபையாரின் பெயர்கள் ஒரு பதிவேட்டிலே எழுதப்பட்டன. நாற்பது பேர். அந்த நாற்பதிலே முதற் பெயர் குளோரிந்தா. அடுத்து அவருடைய சுவீகார புத்திரனான ஹென்றி லிட்டில்டனும் இடம் பெறுகிறான். பிற்காலத்திலே பல லட்சம் பேராகப் பெருகி, இரண்டு மூன்று அத்தியட்சாதீனங்களாகப் பிரிந்து, கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன ஒரு சபையின் ஜாபிதா ஒரு பெண்ணின் பெயரோடு ஆரம்பமாகிறது என்பதை, ஆலயக் கமிட்டிகளிலே பெண்களுக்கு நாற்காலி போட இன்னும் யோசிக்கிறவர்கள் சற்று நின்று வாசிக்க வேண்டும்.

அந்த நாற்பது பேரும் ஒரே ஜாதியார் அல்லர். பிராமண குலத்திலே பிறந்த அம்மையாரோடு வேளாளரும், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களும், வெவ்வேறு தொழிற்குலத்தாரும் ஒரே ஏட்டிலே, ஒரே சபையாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அவர்களிலே தேவசகாயம் என்பவரின் குடும்பமும் ஒன்று. அவருடைய மகனை 1785-இலே சுவார்ட்ஸ் ஐயர் தம்மோடு தஞ்சைக்கு அழைத்துப் போய்ப் படிப்பித்தார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடின வேதநாயக சாஸ்திரியார் அந்தப் பிள்ளைதான். மலைச்சரிவிலே தகரக் கூரைக்குக் கீழே அமர்ந்து சாஸ்திரியாரின் பாட்டை ராகம் தவறிப் பாடுகிற நம்முடைய சபையார், தங்களுக்கும் அந்த நாற்பது பேருக்கும் உள்ள உறவைத் தெரிந்துதான் பாடுகிறார்களோ, தெரியாமல்தான் பாடுகிறார்களோ! ஏட்டிலே கூடின ஜாதிகள் ஆலயத்துப் பாயிலே நெடுங்காலம் கூடியிருக்கவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. 1820-க்களிலும் அதற்குப் பின்னும் தஞ்சையிலே உட்காரும் இடத்தைப் பற்றியும் பாத்திரத்தைப் பற்றியும் எழுந்த கலகத்திலே, அதே சாஸ்திரியார் பழைய ஜாதி ஆசாரத்தின் பக்கமே நின்றார். தோட்டத்திலே ஒரே லயத்தில் ஒரே சுவருக்கு இருபுறமும் குடியிருக்கிறவர்கள் கல்யாணப் பேச்சு என்று வந்தவுடன் வேறு வேறு உலகத்தவராகிவிடுவதைப் பார்க்கும்போது, 1780-ஆம் ஆண்டு ஏடு நமக்கு முன்னாலே இருக்கிறதா, பின்னாலே இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

அம்மையார் செய்த தர்மங்களுக்கு வருவோம். முதலாவது, கோயில். கோட்டைக்குள்ளே ஒரு சிறிய ஆலயம் எழும்பியது; அதற்கு அவர் தம்முடைய பொருளைக் கொடுத்ததோடு, அங்கிருந்த ஆங்கில அதிகாரிகளிடத்திலும் உதவி பெற்றார். 1785-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ஆம் தேதி சுவார்ட்ஸ் ஐயர் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலி நாட்டிலே புரொட்டஸ்டண்டுகளுக்கென்று எழுந்த முதல் ஆலயம் அதுவே. இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால் பாளையங்கோட்டையிலே வழி காட்டுவார்கள். பின்னாளிலே ரேனியஸ் ஐயர் 1826-இலே கட்டின திரித்துவ ஆலயம் கோபுரத்தினாலும் விஸ்தாரத்தினாலும் பெரிது. மூப்பினாலே பெரிது இதுதான்.

இரண்டாவது, கிணறு. அம்மையார் வெட்டுவித்த கிணறு ஒன்று அவருடைய பெயரால் வழங்குகிறது. திருநெல்வேலிச் சீமையின் வெயிலை அறியாதவர்களுக்கு இது ஒரு சின்னக் காரியமாகத் தோன்றும். சப்பிரகமுவையிலே பிறந்து வளர்ந்த நமக்கோ, வருஷம் முழுவதும் மழை கொட்டி, களு கங்கையும் களனி கங்கையும் கரை புரண்டு, அட்டைக்கடியோடு பால்வெட்டப் போகும் பழக்கத்தினாலே, தண்ணீர் ஒரு தர்மமாகக் கூடும் என்பதே எளிதில் விளங்காது. அந்தச் சீமையிலே கிணறு வெட்டுவது கோயில் கட்டுவதற்குச் சமானமான புண்ணியம். ஜாதி பார்த்து நீர் மறுக்கப்பட்ட அந்தக் காலத்திலே, பிறப்பினால் பிராமணத்தியான ஒருத்தி பொதுஜனத்துக்காகக் கிணறு தோண்டினாள் என்பது ஊருக்குப் பேச்சாக இருந்திருக்கும். மூன்றாவது, பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்க அவர் ஏற்பாடு செய்தார். கல்விக் கூடங்களினாலே பாளையங்கோட்டை பிற்காலத்தில் அடைந்த கீர்த்தியைத் தமிழ்நாட்டார் எல்லாரும் அறிவர். அதன் முதல் வரியை எழுதினவர் அவரே.

ஆனால் எம்முடைய அபிப்பிராயத்திலே, இந்த மூன்றையும் விடப் பெரிய தர்மம் நான்காவது ஒன்று. சுவார்ட்ஸ் ஐயர் வருவதும் போவதுமாக இருந்தார். தஞ்சாவூருக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பல நாள் பிரயாணம். கோயில் இருந்தும் குருவானவர் இல்லை. அம்மையார் தஞ்சாவூருக்கே போய், எங்கள் சபையை மேய்க்க ஓர் ஆளைத் தாரும் என்று மன்றாடினார். முன்னொரு காலத்திலே தமக்கு ஞானஸ்நானம் மறுத்த அதே மனிதரிடத்தில், அதே ஊரிலே, இப்போது தமக்காக அல்ல, தம் சபைக்காகக் கேட்டு நின்றார். கட்டடத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கல்லிலே பெயரைப் பொறித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற தர்மவான்களை நாம் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். கட்டின கோயில் வெறுங்கூடாகப் போகாதபடி அதற்குப் பின்னும் அலைந்தவர்கள் சொற்பம்.

அந்த மன்றாட்டு வீண் போகவில்லை. சுவார்ட்ஸ் ஐயரால் பழக்கப்பட்ட சத்தியநாதன் என்னும் உபதேசியார் 1790-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி தஞ்சாவூரிலே குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அன்று அவர் தமிழிலே செய்த பிரசங்கம் ஆங்கிலத்திலே பெயர்க்கப்பட்டு 1792-இலே லண்டனிலே அச்சிடப்பட்டது. ஒரு தமிழ்க் குருவானவரின் பேச்சை அந்நாட்டார் வாசித்து வியந்தனர். அவருக்குத் துணையாக ஜெனிக்கே என்னும் ஜெர்மானிய மிஷனரி 1791-இலே வந்தார். காய்ச்சலினாலே அடிக்கடி வருந்தி 1800-இலே இறந்துபோனார். சத்தியநாதன் ஐயரும் அவரோடிருந்த உபதேசியார்களும் தெற்கே பனங்காட்டு ஊர்களுக்குள்ளே புகுந்தார்கள். 1799-இலே துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று நிலம் வாங்கி ‘முதலூர்’ என்னும் கிராமம் உண்டாயிற்று. 1802, 1803 ஆகிய ஆண்டுகளிலே ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இவையெல்லாம் அமைதியான காலத்திலே நடந்தவை என்று எண்ணிவிடக்கூடாது. பாளையக்காரர் யுத்தம் அந்தச் சீமையையே குலுக்கிக்கொண்டிருந்தது. 1799 அக்டோபரிலே கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டதும், அவருடைய தம்பி ஊமைத்துரை அடைபட்டிருந்த பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801-இலே தப்பிப் போனதும், பாப்பாத்தியம்மாள் அவ்வூரிலே முதிர் வயதினராய் வாழ்ந்திருந்த நாட்களிலே நிகழ்ந்தவை. கோட்டையிலே யுத்தப் பறை முழங்க, கோயிலிலே சங்கீதம் பாடப்பட்டது. 1806-இலே அம்மையார் காலஞ்சென்றார். தாம் கட்டின கோயிலின் அருகிலேயே அடக்கம் பண்ணப்பட்டார்.

அவருடைய சரித்திரத்திலே கற்பனை கலந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதின அ. மாதவையா 1915-இலே ‘கிளாரிந்தா’ என்ற பெயரால் ஆங்கிலத்திலே ஒரு நாவல் வெளியிட்டார். பின்னாளிலே சரோஜினி பாக்கியமுத்து அதைத் தமிழாக்கினார். மாதவையா பிராமண குலத்தவர். கைம்பெண்களின் துயரத்துக்காக எழுதுகோலை எடுத்தவர். ஆகையினாலே இந்தக் கதை அவரைக் கவர்ந்ததிலே வியப்பில்லை. நாவல் நாவலாகவே உயர்ந்தது. ஆனால் அதிலே வரும் அரண்மனைக் காட்சிகளையும் உரையாடல்களையும் சரித்திரம் என்று எடுத்துக்கொண்டு பிரசங்கங்களிலே சொல்லுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சரித்திரத்துக்குக் கால்டுவெல் ஐயர் 1881-இலே வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் ஆதி வரலாற்றைத்தான் நாட வேண்டும். அந்த நூலிலே அம்மையாரைப் பற்றிக் கிடைக்கும் செய்தி கொஞ்சம். கொஞ்சமானாலும் அது போதும்.

பாளையங்கோட்டைக்கும் நமக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். சுவார்ட்ஸ் ஐயரின் சீஷராகிய கிறிஸ்தியான் டேவிட் என்னும் தமிழர், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்து ஊழியம் செய்தார் என்றாலும், அந்த நீரோட்டம் வடக்கோடு நின்றுவிட்டது. மலைநாட்டுக்கு வந்தது இரண்டாவது நீரோட்டம். ரேனியஸ் ஐயர் காலத்திலே, 1830-இலே, துன்பப்படுகிற கிறிஸ்தவக் குடிகளுக்கு நிலம் வாங்கித் தருவதற்காக ‘தர்ம சங்கம்’ ஸ்தாபிக்கப்பட்டது; ஏழைக் குடியானவன் தன் பனைவெல்லத்திலே ஒரு பங்கையும், குடியானவத்தி தன் உலையரிசியிலே ஒரு பிடியையும் சபைக்கென்று எடுத்து வைக்கும் வழக்கம் அந்தச் சீமையிலே ஊறிப் போயிற்று. அப்படி ஊறின சபையிலிருந்து எழும்பினவர்களே 1854 முதல் இலங்கைத் தோட்டங்களுக்கு உபதேசியார்களாக வந்தார்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்ட செப்டிமஸ் ஹாப்ஸ் ஐயரும் திருநெல்வேலியிலே பணி செய்து பழகினவரே. தவறணையிலே வேரூன்றிய கன்றைத்தான் மலையிலே கொண்டு வந்து நட்டார்கள்; அந்தத் தவறணைக்கு முதல் மண்ணைக் கொட்டினவர் பாப்பாத்தியம்மாள்.

உபதேசியார்கள் வருமுன்னமே தோட்டங்களிலே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த ஆட்களிலே ஞானஸ்நானம் பெற்றவர்களும் உண்டு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலே லயத்துக் காம்பராவிலே கூடி ஜெபம் பண்ணினார்கள். தூத்துக்குடியிலே கப்பலேறுமுன் தட்டப்பாறை முகாமிலே தங்கி, கொழும்பிலே இறங்கி, அங்கிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியாக மேலேறினவர்கள் பலர். கோப்பியைக் கொன்ற இலை நோய் 1869-இலே தோன்றி, தோட்டங்கள் தேயிலைக்கும், தாழ்ந்த நிலங்களிலே ரப்பருக்கும் மாறின பின்பு, சப்பிரகமுவையிலே தமிழர் குடியேற்றம் பெருகியது. 1903-இலே எட்டியாந்தோட்டைக்கும் 1912-இலே இரத்தினபுரிக்கும் சிறு ரயில் எட்டியது. ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கை தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைப் போன்றதன்று. விடியுமுன் பால்வெட்டு, காலையிலே மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வெட்டும் இல்லை, பேரும் இல்லை. அந்த நிச்சயமற்ற சம்பளத்திலிருந்து காணிக்கைத் தட்டிலே விழுந்த சில சதங்களைக் கொண்டு சுவர் எழுப்பி, தகரம் போட்டு, மணி வாங்கித் தொங்கவிட்ட சபையார் இப்பக்கத்திலே உண்டு. துரைமாரின் நன்கொடை அறிக்கைகளிலே அச்சேறியது. இந்தச் சதங்கள் அச்சேறவில்லை. தோட்டத்து ஆலயங்களை வெள்ளைக்காரர் கட்டிக் கொடுத்தவை என்று ஒரே வார்த்தையிலே சொல்லிவிடுகிறவர்களுக்கு எம்முடைய மறுப்பு இதுதான்.

இலங்கை வாங்கிக்கொண்டே இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1902-இலே யாழ்ப்பாணத்துக்கு வந்த வே. சா. அசரியா என்னும் திருநெல்வேலி இளைஞர், இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தினாலே ஒரு மிஷனரிச் சங்கம் நடத்துவதைக் கண்டு, நம்மால் இது ஏன் கூடாது என்று எண்ணினவராய்த் திரும்பிப் போனார். அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. அவரே பின்னர் தோர்ணக்கல் அத்தியட்சரானார்.

1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினாலே குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாரிலே கப்பலேறினார்கள். 1981 ஆகஸ்டிலே இரத்தினபுரி, காவத்தைப் பக்கத்துத் தோட்டங்களிலே லயங்கள் தாக்கப்பட்டபோது உடுத்த துணியோடு ஓடினவர்களும் உண்டு. ஒரு சபையார் இப்படிச் சிதறும்போது முதலிலே அழிவது அவர்களுடைய ஏடுகள். பாப்பாத்தியம்மாளை நாம் இன்று பெயர் சொல்லி நினைக்க முடிகிறது என்றால், 1780-இலே யாரோ ஒருவர் நாற்பது பெயர்களை மை தொட்டு எழுதி வைத்ததனாலேதான். நம்முடைய தோட்டங்களிலே முதன்முதல் தன் காம்பராவை ஜெபத்துக்குத் திறந்துவிட்டவள் யார், காய்ச்சலிலே கிடந்த உபதேசியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் யார், மணிக்காகத் தன் தோட்டை விற்றவள் யார் என்று கேட்டால், எழுபது எண்பது வயதான சில தாய்மார் இன்னும் சொல்லுவார்கள். ஆகையால் இந்தத் தொடரை வாசிக்கும் சப்பிரகமுவை அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆலயப் பெட்டியிலே பழைய ஞானஸ்நானப் பதிவேடோ, விவாக, அடக்கப் பதிவேடோ, காணிக்கைக் கணக்கோ இருந்தால், அடுத்த மழைக்கு முன்னே அதைப் பிரதி எடுத்து வையுங்கள், வீட்டிலிருக்கும் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்லும் பெயர்களை ஆண்டோடும் லயத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் தோட்டத்துச் சபையின் முறை வரும் அத்தியாயத்தை அந்தப் பெயர்களைக் கொண்டே எழுத வேண்டும். அடுத்த அத்தியாயத்திலே, 1854-இலே வந்த உபதேசியார்கள் மலையேறின வழியைப் பார்ப்போம்.